ஒலிம்பிக் தோட்டாவும் வாசலில் நின்ற கூடும்: செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னுக்கு எந்த மலிவுத் தோட்டா?

எங்கள் ஊரை வேலூர்ப் பக்கம் ராணுவப்பேட்டை என்பார்கள். அரசாங்கக் கணக்கில் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருந்திருப்பார். நான் இ.எம்.இ.யில், அதாவது பட்டாளத்தின் இயந்திரப் பராமரிப்புப் படையில், ஆர்மரர். இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டியவன். ரிட்டயர் ஆன பிறகு பிரித்துப் பூட்டுவது மிக்ஸியும் தண்ணி மோட்டாரும்தான். அதனால் போன வைகாசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு அக்கா பையன் ஹூஸ்டனிலிருந்து வீடியோ காலில் வந்து, மடியில் ஒரு 12 போர் (குழலின் அளவு) செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னை வைத்துக் காட்டியபோது, கையிலிருந்த காபி ஆறிப்போனது தெரியவில்லை.

"மாமா, புதுசு. மூணு சுட்டா ஒண்ணு சிக்குது. கடையில திருப்பிக் குடுத்துடட்டுமா?"

"இன்னா தோட்டா போடுற?"

"ஒலிம்பிக் தோட்டா மாமா. 24 கிராம். விலையும் கம்மி. பத்துப் பெட்டி வாங்கிட்டேன்."

துப்பாக்கியில் கோளாறு இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அதை அவனுக்கு விளங்க வைக்க நாலு வாரம் ஆனது. திண்ணையில் நான், பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் சுபேதார், அவர் மச்சினர் என்று மூன்று பேர் உட்கார்ந்து, அவன் வாட்ஸப்பில் அனுப்பும் வெற்றுக் கூடுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துச் சண்டை போட்டோம். அந்தச் சண்டையில் தேறியது இது. டெக்சாஸிலும் அரிசோனாவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சனிக்கிழமை கிரிக்கெட்டுக்குப் போவது போல, காற்றில் பறக்கவிடும் களிமண் தட்டு சுடவும் போகிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். களிமண் என்பது பெயருக்குத்தான். தட்டு செய்வது தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். எச்1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் விடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. அக்கா பையன் கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்து வாங்கினான். விசாவில் இருக்கிற பிள்ளைகள் சிநேகிதன் கூப்பிட்டான் என்று ரேஞ்சுக்குப் போய்க் கையில் வாங்குவதற்கு முன் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது அந்த 24 கிராம். பறக்கும் தட்டைச் சுடும் ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளில் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுமணிகள், 24.5 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச விதி; அதனால்தான் தோட்டா 24 கிராமில் வருகிறது. 2004இல் ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கியபோது எங்கள் யூனிட்டில் இனிப்பு கொடுத்தார்கள், அவரும் பட்டாளத்துக்காரர். ஆனால் அந்த வீரர்கள் கையில் இருப்பது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள துப்பாக்கி. சுட்ட பிறகு கையால் மடக்கித் திறக்கிறார்கள், கூடு வெளியே வருகிறது. அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டாவிடம் கேட்க ஒன்றுமில்லை. 24 கிராம் போட்டாலும் சரி, 20 கிராம் போட்டாலும் சரி. செமி ஆட்டோமேட்டிக் அப்படி இல்லை. கூட்டை இழுத்து வெளியே எறிந்து, ஸ்பிரிங்கை அமுக்கி, அடுத்த தோட்டாவைத் தூக்கி உள்ளே தள்ளுகிற வேலை முழுவதற்கும் கூலி அந்த ஒரு தோட்டாதான் கொடுக்க வேண்டும். கூலி குறைந்தால் வேலை பாதியில் நிற்கும். வெளியே போக வேண்டிய கூடு, முன்னும் பின்னும் ஓடுகிற போல்ட்டுக்கும் கூடு வெளியேறும் வாசலுக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக மாட்டிக்கொண்டு நிற்கும். அவன் அனுப்பிய முதல் படமே அதுதான்.

சுபேதாருக்கு இதைச் சொல்ல ஒரு நொடி போதும்: "எஸ்.எல்.ஆரில் கேஸ் ஸ்டாப்பேஜ்." எஸ்.எல்.ஆர். அப்போது பட்டாளத்தில் இருந்த ரைபிள்; எங்கள் தலைமுறைப் பட்டாளத்துக்காரர் யாருக்கும் மறக்காத பாடம் அது. குண்டு குழலில் போகும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்றில் கொஞ்சத்தை ஒரு துளை வழியாகத் திருடி பிஸ்டனைத் தள்ளுவது. அழுக்கு சேர்ந்தால் தள்ளு குறையும்; ரெகுலேட்டரைத் திருகி இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே விட வேண்டும். அக்கா பையனுடையதும் கேஸில் ஓடும் துப்பாக்கிதான். ஆனால் அதில் நாம் திருக எதுவும் கிடையாது. காற்று மிச்சமானால் தானே திறந்து வெளியே விடும் வால்வு மட்டும் உண்டு. அதிகமானதை அது சமாளிக்கும். குறைந்ததை எங்கிருந்து கொண்டுவரும்?

அதனால் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பார்க்கச் சொன்னேன். ரவையின் எடை அவுன்ஸில், வேகம் வினாடிக்கு அடியில். இரண்டையும் பெருக்கு. வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு), வெடிமருந்து எடையெல்லாம் இதில் சேரவில்லை, ஆகவே விஞ்ஞானம் இல்லை. காய்கறிக் கடை மனக்கணக்கு. ஆனால் தோட்டாவின் தள்ளு எவ்வளவு என்பதற்கு இது போதும்.

அவன் வாங்கிய 24 கிராம் என்பது கிட்டத்தட்ட முக்காலே அரைக்கால் அவுன்ஸ். வேகம் 1300. பெருக்கினால் 1137. ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், 1180 வேகத்தில் வருகிற மெதுவான டார்கெட் தோட்டா: 1180. அதே ஒரு அவுன்ஸ் 1290 வேகத்தில்: 1290. ஒன்றே அரைக்கால் அவுன்ஸ், 32 கிராம், 1145 வேகத்தில்: 1288. அதே 32 கிராம் 1200 வேகத்தில்: 1350.

நடுவில் இருக்கிற இரண்டையும் பாருங்கள். 28 கிராம் வேகமானதும் 32 கிராம் மெதுவானதும் 1290க்கும் 1288க்கும் வந்து நிற்கின்றன. துப்பாக்கிக்கு இரண்டும் ஒன்றுதான். சுடுகிறவனுக்குத்தான் வித்தியாசம்: அமெரிக்க ஏழரை நம்பர் ரவை அவுன்ஸுக்குச் சுமார் 350 இருக்கும், 32 கிராமில் சுமார் 394. தட்டில் படுவதற்கு நாற்பத்துச் சொச்சம் ரவை கூடுதல். ஈயம்தான் தோட்டாவில் காசு தின்னும் சாமான் என்பதால் 28 கிராம் பெரும்பாலும் சற்று மலிவாக இருக்கும். பெட்டிகளில் டிராம் என்று ஓர் எண்ணும் போட்டிருப்பார்கள், இரண்டேமுக்கால், மூன்று என்று. கரிமருந்து காலத்து அளவு அது. உள்ளே உண்மையில் அத்தனை டிராம் மருந்து இருக்காது. அந்த அளவு கரிமருந்து என்ன வேகம் கொடுத்திருக்குமோ அந்த வேகம் என்று அர்த்தம். வேகத்தை நேராகப் போட்டிருந்தால் டிராமை விட்டுவிடலாம்.

பத்துப் பெட்டியையும் ஓரமாக வைத்துவிட்டு, ஐந்து விதத்தில் ஒவ்வொரு பெட்டி வாங்கச் சொன்னேன். பெட்டிக்கு 25. கடைக்காரர் ஃபிளாட் எடுத்தால் தள்ளுபடி என்பார், பத்துப் பெட்டி சேர்ந்தது ஒரு ஃபிளாட். ஆசைப்படாதே என்றேன். தெரியாத தோட்டாவை 250 வாங்குவது, பெண் பார்க்காமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது போல. சாதாரண டார்கெட் பெட்டி அவன் கடையில் பத்து டாலரை ஒட்டி இருந்தது. மலிவுக்கும் சாதாரணத்துக்கும் வித்தியாசம் ஒரு டாலர். இருபத்தைந்து தட்டு சுட ரேஞ்சில் கட்டுவதும் கிட்டத்தட்ட ஒரு பெட்டி விலை. மூன்றுக்கு ஒன்று சிக்கினால் அந்தக் காசில் மூன்றில் ஒரு பங்கு வாசலில் நிற்கிற கூட்டுக்குப் போகிறது. ஒரு டாலர் மிச்சம் பிடிக்கிறவன் கணக்குப் போட வேண்டியது அங்கேதான்.

மூன்று சனிக்கிழமை சுட்டான். 24 கிராமைப் பற்றிச் சொல்லிவிட்டேன். 1180 வேகத்து 28 கிராம் சுவாரசியமானது. துப்பாக்கியைத் துடைத்து எடுத்துப்போன அன்று ஒரு பெட்டி முழுக்கத் தடங்கல் இல்லை. "இதுதான் மாமா, தோளும் வலிக்கல" என்று குதித்தான். அதே வகையில் இன்னும் இரண்டு பெட்டி வாங்கி, துடைக்காமல் தொடர்ந்து சுடச் சொன்னேன். மூன்றாவது பெட்டியில் பாதிக்கு மேல் மந்தமாகி, கடைசி ஐந்தில் இரண்டு சிக்கின. விளிம்பில் ஓடுகிற தோட்டா என்று இதைத்தான் சொல்வேன். சுத்தமாக இருந்தால், வெயில் அடித்தால், எண்ணெய் சரியாக இருந்தால் ஓடும். குளிரில் மருந்தின் வேகமும் கொஞ்சம் குறையும், எண்ணெயும் கெட்டியாகும், அன்றைக்குக் கைவிடும். புதுத் துப்பாக்கியில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிற முதல் நூறு இருநூறு சுடுதலில் இதைப் போடவே கூடாது. பழகிய பிறகு, ஒவ்வொரு தடவையும் துடைக்கிற பழக்கம் உள்ளவனுக்கு, தோள்வலிக்காரனுக்கு, நல்ல தோட்டாதான்.

1290 வேகத்து 28 கிராம் அங்கே புறா, காடை வேட்டைக்கென்று பெட்டியில் படம் போட்டு மலிவாக வருவது. ஓடியது; ஒன்றும் சிக்கவில்லை. 1145 வேகத்து 32 கிராமும் அப்படியே. இது இரண்டுக்கும் நடுவில் நான் என்ன சொல்வேன் என்று சுபேதார் காத்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் அவர் வேகத்தின் கட்சி. நான் 32 கிராம் கட்சி. வேட்டைப் பெட்டிகளில் ரவை பெரும்பாலும் மெத்தென்று இருக்கும். ஈயத்தில் ஆன்டிமணி கலந்தால்தான் ரவை கெட்டியாகும். ஆன்டிமணிக்குக் காசு, ஆகவே மலிவில் அது குறையும். மெத்தென்ற ரவை குழலில் போகும்போதே நசுங்கித் தட்டையாகி, வெளியே வந்ததும் ஆளுக்கொரு திசையில் போகும். கிட்டத்தில் சுடுகிற ஸ்கீட்டில் அது தெரியாது. டிராப்பில் தூரம் போய்விட்ட தட்டுக்குத் தெரியும். ஆகவே ஸ்கீட் மட்டும் சுடுகிறவன் புறாப் படப் பெட்டியை வாங்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

ஐந்தாவது, நூறு தோட்டா ஒரே அட்டைப் பெட்டியில் குலுங்கக் குலுங்க வருவது, நூறு பெட்டி என்று நாங்கள் பேர் வைத்தது: 32 கிராம், 1200 வேகம். விலையில் இதுதான் எல்லாவற்றுக்கும் கீழே. மூன்று பேரும் இதற்குத்தான் ஓட்டுப் போட்டோம், தள்ளு 1350 என்பதால். இதுதான் எங்களை மோசம் செய்தது. முதல் முப்பது ஜோராகப் போனது. அப்புறம் சிக்க ஆரம்பித்தது, அதுவும் வேறு மாதிரி. கூடு வாசலுக்கே வரவில்லை. தோட்டா உட்காரும் குழலின் அடி அறையான சேம்பரிலேயே பிடித்துக்கொண்டது.

அங்கேதான் கூடுகளை வாசிக்க வேண்டி வந்தது.

நான் அங்கே இல்லை, தொட முடியாது. சுட்ட கூடுகளை வகைவாரியாகப் பையில் போட்டு எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்து அடுக்கிப் படம் அனுப்பு என்றேன். ஊருக்கு வரும்போது கொண்டுவரட்டுமா என்று கேட்டான். வெறும் கூடாக இருந்தாலும் விமான நிலையத்தில் ஸ்கேனரில் மாட்டினால் பொங்கலுக்கு வந்தவன் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வேண்டும், படமே போதும்.

24 கிராம் கூடுகளின் வாய் ஒரு பக்கம் அமுங்கிச் சப்பையாகியிருந்தது. போல்ட் முழுத் தூரம் பின்னால் போகாமல் பாதியில் திரும்பி, வெளியேறாத கூட்டைக் கடித்திருக்கிறது. தள்ளு போதாததன் கையெழுத்து இது. நூறு பெட்டிக் கூடுகளின் வாய் உருண்டையாக அழகாக இருந்தது. ஆனால் அடிப்பக்க விளிம்பில் ஓர் இடத்தில் நகம் பதிந்தது போல் பள்ளம். இரண்டில் விளிம்பே பிய்ந்து நிமிர்ந்திருந்தது. இழுக்கும் கொக்கி பலமாக இழுத்திருக்கிறது, கூடு வர மறுத்திருக்கிறது. தள்ளு குறைவில்லை, பிடிப்பு அதிகம். அடிப்பக்க உலோகத்தில் நீளவாக்கில் மெல்லிய கீறல்களும் இருந்தன.

"ஃபிரிட்ஜ்ல காந்தம் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. போன வருஷம் அக்கா இங்கே வந்தபோது ஸ்ரீபுரம் கோயில் வாசலில் வாங்கிக்கொண்டு போனது, பொற்கோயில் படம் போட்டது. அதை எடுத்துவந்து கூட்டின் அடியில் வைத்தான். டக்கென்று ஒட்டியது. பித்தளை மாதிரி மின்னியது பித்தளையே இல்லை. இரும்புத் தகட்டின் மேல் பித்தளைப் பூச்சு. பொற்கோயில் காந்தம் பூச்சைக் கண்டுபிடித்ததில் சுபேதாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இருமிக்கொண்டே சிரித்தார்.

தோட்டா வெடிக்கும்போது பித்தளை விரிந்து சேம்பரை அடைத்துக்கொள்ளும், அழுத்தம் போனதும் சட்டென்று சுருங்கி விட்டுக்கொடுக்கும். இரும்பு அந்த அளவுக்குத் திரும்பிச் சுருங்காது. வீட்டில் ஈரத்தோடு அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று பிடித்துக்கொள்கிறதல்லவா, அந்தப் பிடிப்புதான். சேம்பர் கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தால் இரும்பும் வந்துவிடும். சேம்பரில் சொரசொரப்போ, பிளாஸ்டிக் படிவோ, அழுக்கோ இருந்தால், குழல் சூடானதும் பிடிக்கும். முதல் முப்பதில் வராத தொல்லை அப்புறம் வந்ததற்குக் காரணம் அந்தச் சூடு.

அடிப்பக்க உலோகம் உயரமாக இருந்தால் பலமான தோட்டா என்று அங்கேயும் ஒரு நம்பிக்கை இருக்கிறதாம். காகிதக் கூட்டுக் காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. பிளாஸ்டிக் கூட்டில் அந்த உயரம் பெரும்பாலும் அலங்காரம். உயரத்தைப் பார்க்காதே, காந்தத்தை வை.

வைத்தியம் நான் பட்டாளத்தில் செய்ததேதான். குழலைக் கழற்றி, சேம்பர் அளவுக்கான பெரிய பிரஷால் கரைப்பான் போட்டுத் தேய்த்து, பிறகு மிக மெல்லிய எஃகுப் பஞ்சு, நாலு சைபர் என்று கேட்டு வாங்க வேண்டியது, அதை ஒரு குச்சியில் சுற்றி எண்ணெயில் நனைத்துக் கையால் சுழற்றி மெருகேற்றச் சொன்னேன். உலோகத்தைத் தின்னும் உப்புத்தாள் கிட்டவே வரக் கூடாது. துடைத்த துணியில் கறுப்போடு பச்சையாக ஏதோ வந்ததாம். புதுத் துப்பாக்கியில் பட்டறையில் பூசிய பாதுகாப்புப் பசை. வாங்கிய நாளிலிருந்து சேம்பரைத் துடைத்ததே இல்லை என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டான். டிரெயினிங் சென்டராக இருந்தால் மைதானத்தை நாலு சுற்று ஓட விட்டிருப்பேன். அக்கா பையன், அதனால் விட்டேன். பிறகு அதே நூறு பெட்டியில் மீதி இருந்ததைச் சுட்டான். ஒன்றே ஒன்று மந்தமாக வந்தது, சிக்கவில்லை.

அவனோடு ரேஞ்சுக்கு வருகிற சித்தூர்க்காரப் பையனிடம் இருப்பது வேறு ஜாதித் துப்பாக்கி. 1911க்கு முன் சித்தூர் நம் வட ஆற்காட்டில்தான், ஜில்லாவின் தலைநகரமே அது. ஆகவே அவனும் நம்மவன்தான் என்று அவன் தொல்லையையும் எடுத்துக்கொண்டோம். அவனுடையது கேஸில் ஓடாது. சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னால் உதைக்கிறது. உள்ளே கனமான போல்ட் மட்டும் பஸ் திடீரென்று கிளம்பினால் நாம் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்ப்பது போல ஒரு கணம் நிற்கிறது. நடுவில் இருக்கிற முரட்டு ஸ்பிரிங் அமுங்கி, பிறகு விரிந்து போல்ட்டைப் பின்னால் எறிகிறது. இத்தாலியில் 1960களில் வந்த யோசனை, பெனெல்லி பேரில் பிரபலமானது. காற்றும் கரியும் உள்ளே வராததால் ஆயிரக்கணக்கில் சுட்டாலும் சுத்தம். ஆனால் உதைதான் இதற்குச் சோறு. உதை குறைந்தால் பட்டினி. 24 கிராம் அவனிடம் ஓடவே இல்லை. 1180 வேகத்து 28 கிராமில் நாலுக்கு ஒன்று நின்றது. தள்ளு 1290க்கு மேல் போனதும் ஒரு தொல்லையும் இல்லை. இதில் சில பேர் குழலுக்கடியில் நீள மேகசினும் டார்ச்சும் மாட்டி எடையைக் கூட்டிவிடுகிறார்கள். எடை கூடினால் துப்பாக்கி மெதுவாக உதைக்கும், விளிம்பில் ஓடிய தோட்டா நின்றுவிடும். அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு நான் 32 கிராம், 1200 வேகத்துக்குக் கீழே எதையும் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இரும்பு அடியை இந்தச் சித்தூர்த் துப்பாக்கி முகம் சுளிக்காமல் கக்கியது. அவன் சேம்பரைத் துடைக்கிறவன்.

பழைய பிரவுனிங் ஆட்டோ-5 போல, குழலே பின்னால் நகர்ந்து வேலை செய்கிற துப்பாக்கி கையில் இருந்தால் கதை வேறு. முன்கட்டைக்கு அடியில் இருக்கிற உராய்வு வளையங்களைத் தோட்டாவுக்குத் தகுந்தபடி மாற்றிப் போட வேண்டும். அதைப் பார்க்காமல் தோட்டாவைத் திட்டுவது வீண்.

உயர்ரகப் பெட்டிகள் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. வின்செஸ்டர் ஏ.ஏ. போன்றவை, 1965இலிருந்து வருகிறது. ரவை கெட்டி, அளவு பிசகாது. பெட்டிக்கு நாலைந்து டாலர் கூடுதல் கொடுத்தான். போட்டிக்குப் போகிறவன் வாங்கட்டும். பயிற்சிக்கு அதைச் சுடுவது, தினப்படி சாம்பாருக்குக் கல்யாணப் பருப்பு. கூட்டைப் பத்திரப்படுத்தி வீட்டிலேயே மருந்தும் ரவையும் அடைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் அந்த விலை திரும்பி வரும். அடைக்கிற மெஷினைப் பார்த்து எனக்குக் கை துறுதுறுத்தது உண்மை. 25 பவுண்டு ரவை மூட்டை ஒன்றில் 28 கிராம் தோட்டா 400 வரும் என்று கணக்குக்கூடப் போட்டேன். ஆனால் 12 போரில் இன்றைய ஈய விலைக்கு மிச்சம் சொற்பம். நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் நஷ்டம். ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்டிகளில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நார் வாட் என்று எழுதியிருந்தால் கேஸ் துப்பாக்கிக்கு வேண்டாம். பிளாஸ்டிக் கிண்ணம் அளவுக்கு அது காற்றை அடைக்காது, கரியும் அதிகம்.

இரண்டு விஷயத்தில் நான் குரலை உயர்த்தினேன். சித்தூர்ப் பையன் மனைவி 20 போர், அதாவது 12 போரைவிடச் சின்னக் குழல், சுடுகிறவள். ஒருநாள் மஞ்சள் தோட்டாக்களும் சிவப்புத் தோட்டாக்களும் ஒரே பையில் கிடந்த படம் வந்தது. 20 போர் தோட்டா மஞ்சளில் வருவதே அதற்காகத்தான்: தெரியாமல் 12 போரில் போட்டால் அது சேம்பரைத் தாண்டிப் போய்க் குழலில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பார்த்தால் காலி. அதன் பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். தனித்தனிப் பை, தனித்தனி ஆள். இன்னொன்று, மலிவுப் பெட்டியில் என்றைக்காவது ஒன்று டமால் என்று வராமல் புஸ்ஸென்று வரும். கூடு சிக்கியிருக்கும்; பழக்கத்தில் கை தானாக இழுத்துவிட்டு அடுத்ததை ஏற்றும். ஏற்றக் கூடாது. முனையைச் சுடும் திசையிலேயே பிடித்து அரை நிமிஷம் நின்று, எல்லாத் தோட்டாவையும் இறக்கி, குழலைக் கழற்றி, அதற்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வாட் உள்ளேயே நின்றிருக்கலாம்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது சுபேதார் மச்சினர் கேட்டார், நம்ம வீட்டுத் துப்பாக்கிக்கு எது என்று. அவர் தாத்தா காலத்து இரட்டைக் குழல். லைசென்ஸ் புதுப்பித்து, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கிவந்து, கொல்லை மாமரத்துக் குரங்குக்கு ஒரு வெற்று அதட்டல்கூடப் போடாமல் பீரோவில் இருப்பது. மடக்கித் திறக்கிற துப்பாக்கிக்கு மேலே சொன்ன பெருக்கல் கணக்கு எதுவும் தேவையில்லை. ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். பழைய குழல்கள் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு, அதாவது 65 மில்லிமீட்டருக்கு, கடைந்தவை. இன்று சகஜமாக வருவது 70. சுடாத தோட்டா குட்டையாக இருப்பதால் 70ம் உள்ளே போய்விடும். சுட்டு மடிப்பு விரியும்போது இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் அளவு பொறித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புனே பக்கம் கட்கியில் 1869இல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலையின் சக்திமான் பெட்டிகளிலும் நீளம் போட்டிருக்கும்.

அவர் உள்ளே போய் ஒரு பழைய காகிதத் தோட்டாவை எடுத்துவந்தார். எத்தனையோ ஐப்பசி மழையைப் பார்த்தது. கூடு ஊறி உப்பி, நடுவில் கர்ப்பிணி மாதிரி இருந்தது. அதைக் குழல் பக்கம் கொண்டுபோகாமல் வாங்கிய கடையிலேயே கேட்டுக் கழித்துவிடச் சொன்னேன். அவருக்கு மனசில்லை. தாத்தா வாங்கியது என்றார். வாசலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அவர் பேரன், வேலூர்க் கோட்டையில் 1806இல் சிப்பாய்கள் எழுந்தது இந்தத் தோட்டாவாலா என்று கேட்டான். அது 1857இல், வடக்கே, கொழுப்புத் தடவிய தோட்டா. நம் கோட்டையில் சண்டை தலைப்பாகைக்கு. ஆனால் அந்தச் சிப்பாய்கள் கையில் இருந்த பிரவுன் பெஸ் மஸ்கெட்டின் குழல் முக்கால் அங்குலம். தாத்தாவின் 12 போர் அதற்குக் கொஞ்சம்தான் சின்னது.

அக்கா பையன் கடைசியில் என்ன வாங்கினான்? 32 கிராம், 1145 வேகம், எட்டாம் நம்பர் ரவை, இரும்பு அடி, சாதாரண விலை, ஒரு ஃபிளாட். நூறு பெட்டியைவிடக் கொஞ்சம் விலை அதிகம். தள்ளு குறைவுதான், ஆனால் அவன் துப்பாக்கிக்குப் போதும், உதையும் தணிவு, சேம்பரைத் துடைத்தால் பிடிப்பும் இல்லை. சித்தூர்ப் பையன் நூறு பெட்டியையே எடுத்துக்கொண்டான். சுபேதார் இன்னும் 1290தான் சரி என்கிறார்.

அந்த 24 கிராமில் ஏழு பெட்டி மிச்சம் இருந்தது. ரேஞ்சில் இரட்டைக் குழல் வைத்திருக்கும் ஒரு வயசான வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று ஏழையும் வாங்கிக்கொண்டாராம். பதிலுக்கு அஞ்சு பெட்டி 32 கிராம் கொடுத்தார். காந்தம் மட்டும் இன்னும் துப்பாக்கிப் பைக்குள்ளேயே கிடக்கிறதாம். ஃபிரிட்ஜில் சாமி படத்தைக் காணோம் என்று அக்கா எனக்குப் போன் செய்து கேட்கிறாள்.